ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களின் படம்

(பழைய குடும்பப் புகைப்படங்களைத் திரட்டுவது தொடர்பாக ராஜபாளையத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'புகைப்படமும் நினைவும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ரொலான் பார்த், சூசன் சொன்டாக் என்று தொடங்கி இந்தத் தலைப்பில் ஒரு மணிநேரம் பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. நான் காலையில் எழுந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக் கவுண்டரில் உட்காருகிற ஆள். மீதி நேரத்தில் கவிதை எழுதுகிறவன். அதனால் தலைப்பைச் சின்னதாக்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு வகைப் படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது நம்முடைய படம் இல்லை. ஆனாலும் அதிலிருந்துதான் நம்முடைய படங்களுக்கு வர முடியும் என்று நினைக்கிறேன்.

'நைன்டீஸ் கிட்ஸ்' என்று ஒரு பேச்சு இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. பம்பரம், தேன் மிட்டாய், ஞாயிற்றுக்கிழமை டிவி, சக்திமான். இந்த ஏக்கம் பேச்சோடு நிற்கவில்லை, சரக்காகவும் மாறிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இங்கே ராஜபாளையத்தில் புதுவீடு கட்டினார். பால் காய்ச்சுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் நாலு படம். சாமி படம் இல்லை, தாத்தா பாட்டி படமும் இல்லை. தூர்தர்ஷனின் அந்தச் சுழல் சின்னம் ஒன்று. கையை உயர்த்திச் சுழலும் சக்திமான் ஒன்று. மற்ற இரண்டும் பழைய குழந்தைகள் நிகழ்ச்சியை நடத்தியவர்களின் படம். தலை நிறையப் பூ, பட்டுச் சேலை, மடியில் ஒரு பொம்மையோடு ஓர் அக்கா. பக்கத்தில் ஜிப்பா போட்ட ஓர் அண்ணன். வேண்டுமென்றே புள்ளி புள்ளியாக்கி, பழுப்பு ஏற்றி, கறுப்புச் சட்டம் போட்டு, கண்ணாடி இல்லாமல் துணி மாதிரி ஒரு தாளில் அச்சிட்டிருந்தார்கள். ஒன்று ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்றார். விலையை நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அழகான படங்கள். அதை ஒத்துக்கொண்டு மேலே போவோம். அழகாக இருப்பதாலேயே ஒன்றைச் சந்தேகப்படு என்கிற பழக்கம் நம் இயக்கத்துக்குள் ஒரு நோயாகவே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

ஆனால் அந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது, எது வெட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. நம்ம பக்கத்துக்கு அது வந்து சேரப் பத்து வருசத்துக்கு மேல் ஆனது. கொடைக்கானல் மலையில் கோபுரம் வைத்த பிறகுதான் தென்மாவட்டங்களுக்குச் சென்னைப் படம் ஒழுங்காகத் தெரிந்தது. அதற்கு முன்னால் 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைப் பனைமர உயரத்துக்கு ஆன்டெனா நட்டுப் பிடித்தவர்கள் இருந்தார்கள். சென்னை நிலையத்தில் குழந்தைகளுக்கு 'கண்மணிப் பூங்கா' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. அதில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் நிலையத்துக்கு வந்துபோக வசதியுள்ள சென்னைப் பிள்ளைகள். அக்கா அவர்களிடம் பேசுவார், நடுநடுவே நம் பக்கம் திரும்பி 'குழந்தைகளே' என்பார். அந்தத் திரும்புதலைத்தான் நண்பர் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

'குழந்தைகளே' என்ற அந்த விளி யாரை நோக்கியது? இது சும்மா கோட்பாட்டுக் கேள்வி இல்லை. எங்கள் தெருவில் அதற்கு ஒரு நேரடியான பதில் இருந்தது.

உறவுமுறைச் சொற்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு உறவுப்பெயர் வைப்பது தமிழில் வானொலிக் காலத்துப் பழக்கம். சென்னை வானொலியில் கூத்தபிரானை 'வானொலி அண்ணா' என்றே பிள்ளைகள் கூப்பிட்டார்கள். இலங்கை வானொலியில் 'வானொலி மாமா' இருந்தார். பின்னால் சன் டிவியில் 'குட்டிச் சுட்டீஸ்' நடத்திய இமான் அண்ணாச்சி வரைக்கும் இந்த வழக்கம் வருகிறது. 'அண்ணா' போய் நம்ம பக்கத்து 'அண்ணாச்சி' திரைக்குள் நுழைந்ததே ஒரு நகர்வுதான். அதை யாரும் இன்னும் சரியாக எழுதவில்லை.

ஆனால் சேரியிலிருந்து பார்த்தால் இந்த உறவுச்சொல் வேறு மாதிரித் தெரியும். எங்கள் ஊரில் எட்டு வயசுப் பொடியனை என் தாத்தா 'சின்ன முதலாளி' என்று கூப்பிட வேண்டும். அந்தப் பொடியன் என் தாத்தாவைப் பேர் சொல்லி 'வாடா' என்பான். ஊர்த்தெருப் பெண் யாரையாவது எங்கள் பிள்ளை வாய்தவறி 'அக்கா' என்றால், 'யாருக்குடா அக்கா?' என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஊர்க்காரப் பெண்ணைப் போலவே உடுத்தி, ஊர்க்காரப் பெண்ணைப் போலவே பேசுகிற ஒருத்தி, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து 'அக்கா சொல்றதைக் கேளுங்க' என்கிறாள். என் அக்கா என்னைவிட எட்டு வயசு பெரியவள். அவள் சொல்வாள்: "நாங்க அவளுக்குப் பதில் சொல்லுவோம்டா. 'சரிக்கா'ன்னு சத்தமாச் சொல்லுவோம். அவ யாருடான்னு கேக்க மாட்டாள்ல."

இந்த இடத்தில்தான் நான் நின்று நின்று யோசிக்கிறேன். கடந்தகால ஏக்கம் என்பது ஆதிக்கச் சாதிகளின் பண்பாட்டு உற்பத்தி, அதைக் கட்டுடைத்துத் தூக்கி எறிய வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முடித்தால் என் அக்காவின் 'சரிக்கா' எங்கே போகும்? மறுக்கப்பட்ட ஒரு உறவுச்சொல்லை அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த முதல் இடம் அந்தப் பெட்டி. பதில் வராத உறவுதான், ஆனாலும் அவளுடைய ஏக்கம் பொய்யில்லை. நண்பர் வீட்டுச் சுவரில் இருக்கும் ஏக்கமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது பாருங்கள், அதைத்தான் மறுக்கிறேன்.

ஏனென்றால் அக்கா பார்த்தது ஜன்னல் வழியாக.

இங்கே வந்திருக்கும் நாற்பது வயசுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாணவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சாயத்து டிவி ஊர்ச் சாவடியில் இருக்கும். அங்கே போக முடியாது. தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஒரு வீட்டில் டிவி இருந்தது. வீட்டின் பக்கவாட்டில் கம்பி போட்ட ஜன்னல். அதற்கு வெளியே நிற்கலாம். குட்டைப் பிள்ளைகள் முன்னால், நெட்டைகள் பின்னால். கம்பியைப் பிடிக்கக் கூடாது. வீட்டுக்காரம்மா கெட்ட பொம்பளை இல்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். தீபாவளிக்கு முறுக்குத் தரும். கையில் தராது, ஜன்னல் திட்டில் வைக்கும். நாங்க எடுத்துக்கிடணும்.

அந்தக் காலத்து டயனோரா, சாலிடேர் பெட்டிகளுக்கு மரக்கதவு இருக்கும், ஞாபகம் இருக்கா? இரண்டு பக்கமும் திறக்கிற சின்னக் கதவு. அந்த வீட்டுப் பெட்டியும் அப்படித்தான். கதவைத் திறந்தால் அது பாதியில் நின்றுவிடும். கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. பக்கவாட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் திரையில் ஒரு பங்கை அந்தக் கதவு மறைக்கும். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் தெரிவார்கள். அக்கா பாதி தெரிவார். பொம்மை தெரியாது, பொம்மையின் குரல் மட்டும் கேட்கும்.

நண்பர் வீட்டுப் படத்தை நான் செல்போனில் எடுத்துவந்து என் அக்காவிடம் காட்டினேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தறிச்சத்தத்தில் இருபது வருசம் வேலை பார்த்ததில் அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். கண் நன்றாகத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தாள். "அடேயப்பா! முழு மூஞ்சியையும் இப்பத்தான் பாக்கேன்"னாள். பிறகு சிரித்தாள். "பொம்ம இம்புட்டுத்தானா?"

முழு முகமும் தெரிகிற அந்தப் படத்தை யார் எங்கிருந்து பார்த்திருக்க முடியும்? கூடத்தின் நடுவில் உட்கார்ந்தவர்கள்தான். படம் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தின் நடுவில் உட்கார்ந்த கண்ணை எல்லோருடைய கண்ணாகவும் ஆக்கிவிடுகிறது. 'நைன்டீஸ் கிட்ஸ்' என்ற பெயரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

நானும் தொண்ணூறுகளில் வளர்ந்தவன்தான். என் தொண்ணூறுகளைச் சொல்கிறேன். 1995 ஆகஸ்ட் 31 கொடியங்குளம். 1997 ஜூன் 30 மேலவளவு. 1999 ஜூலை 23 தாமிரபரணி. இவற்றுக்கு நடுவில் நம்ம வட்டாரம். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் வந்தது. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திர குலத்தில் பிறந்தவர். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் கலவரம். கடைசியில் அதே ஆண்டில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. ஒருத்தருடைய பெயரைச் சகிக்க முடியாமல் எல்லாருடைய பெயரையும் அழித்த கதை உலகத்தில் வேறெங்கும் உண்டா, தெரியவில்லை.

எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. பத்து நாள் ராத்திரி பருத்திக் காட்டில் படுத்தோம். எனக்கு அப்போது பத்து வயசு. திரும்பி வந்த பிறகு அந்த ஜன்னல் திறக்கவில்லை. வீட்டுக்காரம்மா மூடினதா, நம்ம பெரியவங்களே போகக் கூடாதுன்னு தடுத்தாங்களான்னு யாருக்கும் இப்ப தெளிவா ஞாபகம் இல்லை. இரண்டும் நடந்திருக்கும்.

சக்திமான் தூர்தர்ஷனில் தொடங்கியது 1997 செப்டம்பரில். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு நைன்டீஸ் கிட்ஸ் அத்தனை பேருக்கும் பொதுவான நினைவு என்று சொல்லப்படுகிற அந்த நிகழ்ச்சி வரும்போது எங்கள் ஜன்னல் மூடிக் கிடந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊர்ப்பையன்கள் சொல்லக் கேட்டதுதான் எனக்குச் சக்திமான். நிகழ்ச்சி முடியும்போது அவர் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வாராம். பொய் சொல்லக் கூடாது, பெரியவங்களை மதிக்கணும், இப்படி. அதையும் பையன்கள் எங்களுக்கு ஒப்பிப்பார்கள். யார் பெரியவங்க என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

2006இல் கலைஞர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. அதைக் கேலி செய்யாத பத்திரிகை கிடையாது. ஓட்டுக்கு லஞ்சம், மக்கள் வரிப்பணம், சோம்பேறியாக்கும் திட்டம் என்றெல்லாம் எழுதினார்கள். நம்ம தோழர்கள் சிலரும் எழுதினார்கள். அரசியல் கணக்கு அதில் இருந்தது, யார் இல்லை என்றது? ஆனால் பதினாலு அங்குலப் பெட்டி ஒன்று வீட்டுக்குள் வந்தபோது என் அம்மா செய்த முதல் காரியத்தை நான் பார்த்தேன். பெட்டியைக் கூடத்து நடுவில், நேரே, கதவுக்கு எதிராக வைத்தாள். தெருவில் போகிற யாரும் முழுசாகப் பார்க்கட்டும் என்று வாசல் கதவையும் திறந்துவைத்தாள். பொருளாதார ஆய்வுக் கட்டுரைகளில் இது வராது. 2007இல் சுட்டி டிவி வந்தபோது என் அக்கா மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு ஜன்னல் கதையே தெரியாது. தெரியாமல் வளர்ந்தது எவ்வளவு பெரிய விஷயம்! அதே நேரம், தெரியாமலே போய்விடக் கூடாது.

சரி, நம்முடைய படங்கள் எங்கே?

ரொம்ப நாள் நம் வீட்டுச் சுவரில் இருந்தவை பக்கத்துச் சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள்தான். கோவில்பட்டி கொண்டையராஜு, அவருடைய சீடர்கள் வரைந்த சாமிகள். அப்புறம் அந்தக் கொழுகொழு வெள்ளைக் குழந்தை. டெலிபோனைக் காதில் வைத்துச் சிரிக்கும். நம் தெருவில் அந்த நிறத்திலும் பிள்ளை கிடையாது, டெலிபோனும் கிடையாது. கர்ப்பமான பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதே மாதிரி பிள்ளை பிறக்கும் என்பார்கள். வருசம் முடிந்தாலும் கிழிக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் நடுவில் 1990, 91 நூற்றாண்டு சமயத்தில் அம்பேத்கர் படம் வந்தது. அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், இன்றைக்கு வேண்டாம்.

நம் ஆட்களின் முகம் உள்ள படம்? எங்கள் தெருவில் மூத்த தலைமுறையின் ஒரே படம் செத்த பிறகு எடுத்தது. நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு, சுற்றிக் குடும்பமே நிற்கும். சுற்றி நிற்கிறவர்களுக்கும் அதுதான் முதல் படம். பிள்ளைகளுக்கு என்றால் விடுதியில் சேர, பஸ் பாஸ் வாங்க, உதவித்தொகைக்கு ஒட்ட எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். சிரிக்கக் கூடாது, காது தெரியணும். நம் குழந்தைப் பருவம் முழுக்க ஏதோ ஒரு மனுவின் வலது மூலையில் ஒட்டப்பட்டிருக்கிறது.

நான் வேலை பார்க்கிற இடத்தில் இதைத் தினமும் பார்க்கிறேன். 2014இல் ஜன்தன் கணக்குத் தொடங்கியபோது, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படம் எடுத்துக்கொண்டு வந்த கிழவிகள் இருந்தார்கள். அந்தப் படத்தைப் பாஸ்புக்கில் ஒட்டி, பாதி படத்திலும் பாதி தாளிலும் படும்படி வட்ட முத்திரை குத்துவோம். ஆளை மாற்றி வேறு படம் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. அந்த அம்மா இறந்துபோனால் வீட்டில் வேறு படம் இருக்காது. பாஸ்புக்கைத்தான் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவார்கள். பெரிதாக்கும்போது முத்திரையும் சேர்ந்து பெரிதாகும். நல்ல ஸ்டூடியோக்காரர் அழித்துத் தருவார், அழித்த இடத்தில் கன்னம் வழுவழுவென்று மெழுகு மாதிரி ஆகிவிடும். அழிக்காவிட்டால் தோளிலோ தாடையிலோ ஊதா நிற வளையமும் இரண்டு எழுத்தும் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள தெருக்களில் அப்படி எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். சட்டம் போட்டு, பொட்டு வைத்து, சின்ன பல்பு எரிகிற படங்கள். என்னைக் கேட்டால், பழுப்பு ஏற்றிய அந்த நாலு படங்களையும்விட இதுதான் கலைப்படைப்பு. எந்தக் காலத்தில், எப்படிப்பட்ட நிர்வாகத்தின் கீழ், எந்த ஒரே ஒரு நாளில் இந்த முகம் பதிவானது என்பதை அந்த வளையம் சொல்லிவிடுகிறது.

நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி எடுத்துக் கணினியில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் ஸ்டூடியோவுக்குள் போக முடிந்தவர்களின் படம்தானே ஸ்டூடியோவில் இருக்கும்? வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் பொதுமுடக்கக் காலத்தில் ஊருக்குத் திரும்பித் தன் குடும்பத்தையே படமெடுத்தார். அவருடைய பாட்டி பொன்னுத்தாய் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கியவர். அந்தப் படங்கள் உலக அரங்குகளுக்குப் போயின. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து எடுத்துவரும் பழனிகுமார், அவர்களுடைய பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் பழக்குகிறார். பார்க்கப்பட்ட பிள்ளை பார்க்கிற பிள்ளையாகிறது. என் கவிதைகளில் நான் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

தோழர் ஒருவர் முன்வரிசையிலிருந்து சீட்டு அனுப்பியிருக்கிறார். 'கொலை, நிலம், இடஒதுக்கீடு இத்தனை பிரச்சினை இருக்க, டிவி அக்கா படத்தைப் பற்றி முக்கால் மணிநேரம் தேவையா?' நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். போன வருசம் ஒரு பையன், பொறியியல் மூன்றாம் ஆண்டு, நம் தெருதான், என்னிடம் சொன்னான்: "அண்ணே, நைன்டீஸ்ல சாதியெல்லாம் இவ்ளோ இல்லேல்ல? எல்லாரும் ஒண்ணா டிவி பாத்தாங்கல்ல?" எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை? அவனிடம் யாரும் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்த படங்களில் ஜன்னல் இல்லை, அவ்வளவுதான். அவன் அம்மா அந்த ஜன்னலில் நின்றவள். வலியைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மகனிடம் சொல்லவில்லை. 1997ஐப் பற்றிய வழக்குக் காகிதங்கள் ஏதோ ஒரு அலுவலகத்தில் இருக்கும், அறிக்கைகள் இருக்கும். ஜன்னலைப் பற்றி ஒரு காகிதமும் கிடையாது. நின்றவர்களுக்கு இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயசு. தறியிலும் மில்லிலும் உடம்பு தேய்ந்தவர்கள். எத்தனை நாள் இருப்பார்கள்?

அந்த வீடு இன்னும் இருக்கிறது. ஜன்னலும் இருக்கிறது, செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் என் அக்காவையும் அவளோடு நின்ற ஆறு பேரையும், அன்றைக்கு நின்ற வரிசையிலேயே நிறுத்திப் படம் எடுக்கலாம் என்றிருக்கிறோம். ஐந்து பேர் சம்மதித்தார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அதில் ஒருத்தி அந்த வீட்டிலேயே இப்போது பாத்திரம் தேய்க்கிறாள். அவளை யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று இந்தக் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்கிறேன். அவள் நின்ற இடத்தைக் காலியாக விட்டு எடுப்போம்.

மற்றபடி, ஞாயிற்றுக்கிழமை படங்கள் கொண்டுவருகிறவர்களுக்குச் சில விஷயம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே கொண்டுவாருங்கள், அப்படியே படமெடுத்துக்கொள்ளலாம். பாஸ்புக்கிலிருந்தும் கிழிக்க வேண்டாம், பாஸ்புக்கையே கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோங்கள். செல்போனில் எடுக்கிறவர்கள் பிளாஷ் போடாமல், வாசலில் நிழல் விழுகிற இடத்தில் வைத்து எடுங்கள். படத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதக் கூடாது, மை முன்பக்கம் இறங்கும். மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேர், தெரு, வருசம், யார் எடுத்தது, எதுக்கு எடுத்தது. 'எதுக்கு' என்பதை விட்டுவிடாதீர்கள். பேர் போட வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குப் பேர் போட வேண்டாம்.